முதுகில் இருபத்திரண்டு பொத்தான்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் பூனாவில் எங்கள் வானவடி அடுக்குமாடிக் குடியிருப்பில் சிரிக்கிறார்கள். "எந்த ஆபீஸ்லேர்ந்து ஆன்ட்டி?" என்று லிப்டில் கேட்கிறார்கள். ஜன்னலை ஒட்டிப் போட்ட மேஜையும் ஒரு தையல் மெஷினுமாக நாற்பது வருடம் உழைத்தவளுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாதாம். வேலைக்குச் சேர்த்த கடிதம் இல்லை, விடைபெறும் நாளில் மாலை இல்லை, ஆகவே அது வேலையே இல்லை. போகட்டும். போன பொங்கலன்று மெஷினுக்கு உறையைப் போட்டு மூடி நானே எனக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டேன். யாரிடமும் மனுப் போடவில்லை.

இதை எழுத வைத்தது ஐந்தாறு பெண்கள். சென்னை, கோவைப் பக்கத்துப் பிள்ளைகள். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறுகளில் வீட்டில் பழங்காலப் பாணி உடைகளைத் தைக்கிறார்கள். அறுபது, எழுபது வருடப் பழைய பேட்டர்ன்களை, அதாவது துணி வெட்டும் அளவுத் தாள்களை, இணையத்தில் வாங்கி, முப்பது தாளில் அச்செடுத்து, செலோடேப்பால் ஒட்டி வெட்டுகிறார்கள். கெட்டிக்காரிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேச அழைத்தார்கள். தீபிகா என்கிற பெண் எழுந்து அறிமுகம் செய்தாள்: "சரஸ்வதி ஆன்ட்டிக்கு இது ரொம்ப வருஷமா ஹாபி. ஆன்ட்டி, பிகினர்ஸுக்கு ஒரு அஞ்சு டிப்ஸ் குடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணு, ஹாபின்னா புடிக்காத அன்னிக்கு எந்திரிச்சுப் போயிரலாம். நான் ஒரு நாளும் எந்திரிச்சதில்ல," என்றேன். டிப்ஸ் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. நடந்ததை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். "தமிழ்னா எங்களுக்கு ஸ்லோவாத்தான் வரும் ஆன்ட்டி," என்றாள். மெதுவாகவே படிக்கட்டும். நானும் இங்கிலீஷ் பேட்டர்னை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

என் பயிற்சிக்காலத்தை நான்கு வரியில் சொல்லிவிடலாம். பொள்ளாச்சியில் ஆறு மாதத் தையல் வகுப்பு, ஒரு சான்றிதழ், கல்யாணம், பூனாவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடு. கணவர் பழனிசாமிக்கு அங்கே ராணுவக் கிடங்கில் குமாஸ்தா வேலை. குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட், பிள்ளைகளுக்குக் கவுன் என்று ஐந்து வருடம் ஓடியது. பிறகு பக்கத்து வீட்டு மராத்தி அம்மா, கேம்ப் பகுதியில் ஒரு பார்சிப் பெண்மணி வீட்டிலிருந்தே தைத்துத் தரும் ஆள் தேடுகிறார் என்று கூட்டிப்போனார். அவர்தான் ரோஷன் மேடம். என்னைவிட நான்கே வயது மூத்தவர். ஆனால் நிற்கிற நிற்பில் நாற்பது வயது மூத்தவர் மாதிரி இருப்பார்.

அந்தக் கடையில் புதுப் பாணி எதுவும் கிடையாது. கிளப் விருந்துகளுக்கும் தேவாலயத் திருமணங்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் பழைய கால வெள்ளைக்காரப் பாணிக் கவுன்கள், கோட்டுகள், தோளில் கை உப்பிய ரவிக்கைகள். ஒரு மர பீரோ நிறைய உறைகள்; ஒவ்வோர் உறையிலும் ஒரு பழைய பேட்டர்ன். முதல் நாள் அவர் ஓர் உறையை எடுத்து என் முன் வைத்தார். உள்ளே வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள்கள். அவற்றில் ஓர் எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. வெறும் துளைகள்.

"படி," என்றார். எங்கள் பேச்செல்லாம் ஹிந்தியில்தான், தமிழில் தருகிறேன்.

"இதுல என்னங்க மேடம் இருக்கு படிக்க?"

"கண்ணு இருக்கில்ல? படி."

அரை மணி நேரம் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சில துளைகள் பெரியவை, சில சிறியவை. பெரியவை நேர்கோட்டில் மூன்று மூன்றாகப் போயின. அது துணியின் நெடுக்கு இழை ஓட வேண்டிய திசை என்று புரிந்தது. சிறியவை இரண்டு வரிசையாகக் கிளம்பி ஒரு முனையில் சேர்ந்தன. அது மார்புக்காகத் துணியைக் கூராக மடித்துப் பிடிக்கும் டார்ட். ஓரத்தில் பல் பல்லாக வெட்டியிருந்த இடம் பக்கத்துத் துண்டோடு சேரும் இடம். ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். ரோஷன் மேடம் பாராட்டவில்லை. "சலேகா," என்றார். ஓடும், பரவாயில்லை என்று அர்த்தம். பதினாறு வருடம் அவரிடம் வேலை செய்தேன். அதைவிடப் பெரிய சான்றிதழ் யாருக்கும் அவர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவருடைய சட்டங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை சரியானவை. பழைய தாளில் கத்திரி படக்கூடாது. குண்டூசி குத்தக்கூடாது, பித்தளை எடைக்கற்களை வைத்து அழுத்த வேண்டும். சூடு குறைத்த இஸ்திரிப்பெட்டியால், தண்ணீர் தெளிக்காமல், தாளின் சுருக்கத்தை நீவிவிட்டு, காக்கித் தாளில் பிரதி எடுத்து, துண்டுகளை எண்ணி, பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துவிட வேண்டும். உறையில் அளவு பதினான்கு என்று போட்டிருந்தால் நம்பக்கூடாது. அது அந்தக் காலத்துப் பதினான்கு, மார்பு முப்பத்திரண்டு அங்குலம்தான். தையலுக்கு விடும் அரை அங்குலம் சில பேட்டர்னில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. எது என்று பார்க்காமல் துணியைத் தொட்டால் அன்றைக்கு அவர் முகத்தில் விழிக்க முடியாது.

திங்கட்கிழமை தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாள். தேஹு ரோடிலிருந்து லோக்கல் ரயில், பிறகு பஸ். மேடம் உடையின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "உள்ளே காட்டு," என்பார். உள்ளை வெளியாகத் திருப்பிப் பொம்மைக்கு மாட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு தையலின் மேலும் கட்டைவிரலை ஓட்டுவார். விரல் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைச் சாக் கோடு விழும். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். அந்தக் கோட்டைச் சுமந்துகொண்டு நான் மறுபடி ரயிலேற வேண்டும். கோடு விழாவிட்டால், மேஜை டிராயரைத் திறந்து கடைப் பெயர் நெய்த பட்டு லேபிளை எடுத்துக் கழுத்தின் உள்பக்கம் தன் கையாலேயே தைப்பார். லேபிள் தைக்க மட்டும் வேறு யாரையும் விடமாட்டார்.

இந்த லேபிள்தான் என் கண்ணை முதலில் உறுத்தியது. ஒரு நாடகக் குழுவுக்குப் பன்னிரண்டு உடைகளை ஒன்றரை மாதத்தில் தைத்தேன். நாடகத்துக்கு நானும் கணவரும் போயிருந்தோம். ஆடை வடிவமைப்பு என்று மேடையில் கடையின் பெயரைச் சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். வெளியே வந்ததும், "உனக்கு நீயே கைதட்டிட்டு வந்துட்டயே," என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே வருடம் மகனின் பள்ளி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்கிற இடத்தில் கணவர் பழக்கமாக 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு 'தையல்' என்று நானே எழுதினேன். பள்ளிக் குமாஸ்தா பார்த்துவிட்டு, "வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" என்றார். "வீட்டில்தான் வேலை செய்கிறேன்," என்றேன். அடித்தல் திருத்தல் இருந்தால் வேறு படிவம் வேண்டும் என்றார். வேறு படிவம் வாங்கி அதிலும் அதையே எழுதினேன்.

இனி ஸ்மிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இருபது வருடம் ஆகப்போகிறது. ஒரு திங்கட்கிழமை நான் கடையில் இருந்தபோது அவர் வந்தார். மராத்திக்காரர், வங்கி அதிகாரி, நாற்பத்தொரு வயது. கூட வேலை பார்க்கிறவரை மூன்று வாரத்தில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப்போகிறார். சிறுவயதிலிருந்தே முதுகெலும்பு வலப்பக்கமாக வளைந்தவர். வலத் தோள் உயர்ந்து, வலது தோள்பட்டை எலும்பு துருத்தி, இடது இடுப்பு மேலேறி நிற்கும். பீரோவில் இருந்த உறைகளைப் பொறுமையாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். படத்தில் இருந்தது நீளக் கவுன். இடுப்பு வரை உடம்போடு ஒட்டி, கீழே விரிந்து, பின்னால் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை நெருக்கமாக உருண்டைப் பொத்தான்கள்.

ரோஷன் மேடம் உறையை மெல்ல வாங்கித் திருப்பி வைத்தார். "இது வேண்டாம். தோளிலிருந்து முதுகை மூடும் கேப் வைத்த மாதிரி ஒன்று இருக்கிறது, அழகாக மறைக்கும்," என்றார்.

"மறைக்கிறதுக்கு எங்கிட்ட நூறு துணி இருக்கு. என் அக்கா வாங்கிக் குடுத்துட்டே இருக்கா. எனக்கு இதான் வேணும்."

"இது நேர் முதுகுக்குப் போட்ட பேட்டர்ன். உங்களுக்காக மாற்றினால் அது இந்த உடையே இல்லை. இந்தக் கடையில் பேட்டர்னை மாற்றுவதில்லை."

மேடம் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தரம் மாற்றினவள் ஒவ்வொரு தரமும் மாற்றுவாள், கடைசியில் கோணிப்பைதான் மிஞ்சும் என்பது அவர் கொள்கை. ஆனால் ஸ்மிதா அந்த உறையை வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வங்கியில் ஐம்பது பேரை மேய்க்கிற பெண் அப்படி நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் தைக்கிறேன் மேடம்," என்றேன்.

கடையில் நான் கேட்காமல் பேசியது அதுதான் முதல் தடவை. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "கடை லேபிள் அதில் ஏறாது, சரஸ்வதி. அதோடு, அது அசிங்கமாக வெளியே போனால் பூனா முழுக்க என் பேட்டர்ன் என்றுதான் பேசுவார்கள். அப்படி ஆனால் அடுத்த திங்கட்கிழமை நீ வர வேண்டாம்."

"சரிங்க மேடம்," என்றேன். பதினாறு வருட வேலை அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. இருந்தும் பிரதி எடுத்துக்கொள்ள உறையைக் கேட்டேன். துண்டுகளை எண்ணிக் கொடுத்தார்.

ஸ்மிதா அந்த ஞாயிறு காலையில் தேஹு ரோடுக்கு வந்தார். கணவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பழைய பேட்டர்ன் எல்லாமே பாதி உடம்புதான். முன்பக்கத்தில் பாதியை வரைந்து, 'மடிப்பில் வைக்கவும்' என்று போட்டிருப்பார்கள். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். அதாவது மனுஷருக்கு இடமும் வலமும் ஒன்று என்று அந்தத் தாள் முடிவுகட்டிவிட்டது. ஸ்மிதாவுக்கு அந்த மடிப்பு உதவாது. இரண்டு பாதியையும் தனித்தனியாக வரைய வேண்டும்.

இடுப்பில் மெல்லிய எலாஸ்டிக்கைக் கட்டினேன். நூல் நுனியில் கனத்துக்கு மெஷின் பாபினைக் கட்டிப் பின்கழுத்து எலும்பிலிருந்து தொங்கவிட்டேன். அந்த நூல் தரையைப் பார்த்து நேராக நின்றது. முதுகெலும்பு அதை விட்டு விலகிப் போய்த் திரும்பி வந்தது. தோளிலிருந்து இடுப்புக்கு இடப்பக்கம் பதினான்கேகால், வலப்பக்கம் பதினாறு. இரண்டு அங்குலத்துக்கு ஒரு தரம், எலும்பிலிருந்து இடது விலாவுக்கு எவ்வளவு, வலது விலாவுக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போனேன். நாற்பத்தேழு அளவுகள். ஸ்மிதா சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"தாயி," என்றார். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். "டாக்டரைத் தவிர யாரும் இங்க தொட்டதில்ல."

"டாக்டர் நிமுத்தத் தொட்டிருப்பாரு. நான் அளக்கத் தொடறேன்," என்றேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பொத்தான் வரிசையை எப்படிப் போடட்டும்? இந்த நூல் மாதிரி நேரா இறக்கினா, பார்க்கிறவங்களுக்கு முதுகு கொஞ்சம் நேரா இருக்கிற மாதிரி தெரியும்."

ஸ்மிதா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "எலும்பு எப்படிப் போகுதோ அப்படிப் போடுங்க. என்னை நேராக்க எல்லாரும் பார்த்தாச்சு."

காக்கித் தாளில் வலது, இடது என்று எழுதி எழுதி வரைந்தேன். காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்தேன். வெளுக்காத முரட்டுப் பருத்தி, இங்கே மாஞ்சர்பாட் என்பார்கள். அடுத்த ஞாயிறு போட்டுப் பார்த்தபோது இரண்டே இடத்தில் கிள்ளிப் பிடித்தால் போதும் என்று இருந்தது. முதுகில் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. ஸ்மிதா இரண்டு கண்ணாடிகளை வைத்துத் தன் முதுகைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து அசல் துணியை எடுத்தார். லக்ஷ்மி ரோட்டில் வாங்கியது, கனமான பட்டு சாட்டின், மாதுளை முத்து நிறம், தொட்டால் வழுக்குகிற பளபளப்பு. அந்தத் துணிச் சுருளில் அதுவே கடைசித் துண்டு.

புதன்கிழமை வெட்டினேன். சனிக்கிழமை திருமணம்.

இனி நான் செய்த தப்பு. தையல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்குகிறேன். நாங்கள் துணியில் கோடு போடுவது எப்போதும் உள்பக்கத்தில்தான். நல்ல பக்கத்தில் சாக் கறை படக்கூடாது. துணியை மடித்து வெட்டும்போது இதனால் ஒரு கேடும் இல்லை, இடமும் வலமும் சேர்ந்தே வரும். ஸ்மிதாவுக்கு நான் துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்தேன். கை தன் பழக்கப்படி உள்பக்கத்தை மேலே போட்டது. தாளை எழுத்து தெரிகிற மாதிரி மேலே வைத்தேன். அங்கேதான் போயிற்று. துணி கவிழ்ந்திருந்தால் தாளையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்காமல் வெட்டினால் வலது இடதாகிவிடும். காடாத் துணிக்கு நல்ல பக்கம், உள்பக்கம் என்று எதுவும் இல்லாததால் மாதிரியில் இது தெரியவில்லை. சாட்டினில் எல்லாத் துண்டையும், ஒன்று விடாமல், அதே மாதிரி வெட்டி முடித்திருந்தேன்.

ஸ்மிதாவின் அளவுக்குப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்த பொம்மைக்கு மாட்டினபோது வலது தோள் துணியை முட்டியது, இடது தோளில் துணி பையாகத் தொங்கியது. முதலில் பொம்மையைத்தான் சந்தேகப்பட்டேன். புரிந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். வளைந்த முதுகு உள்ள ஒருத்தியை நம்பவைத்துக் கூட்டிவந்து, அவளுடைய வளைவை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றிவைத்திருக்கிறேன். அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. எல்லாமே ஒரே மாதிரி தலைகீழாகிவிட்டதால், துணியைத் திருப்பி உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தால் அளவு சரியாகிவிடும். ஆனால் பளபளப்பு உள்ளே போய்விடும். வெளியே தெரிவது மங்கிய பக்கம், காய்ந்த மாதுளைத் தோல் நிறம்.

கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். "இப்படித்தான் டிசைன்னு சொல்லீரு. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியப்போகுது?"

"அவங்களுக்குத் தெரியலீன்னா நான் செஞ்சது சரியாயிருமாங்க?"

"வேலை போயிரும் சரசு."

"போவட்டுங்க. பொய் சொல்லி ஒரு கவுனை மாட்டிவுட்டா, அவங்க முதுகை மறைக்கச் சொன்னவங்களுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?"

பக்கத்து வீட்டிலிருந்து வங்கிக்குப் போன் செய்தேன். ஸ்மிதா அடுத்த நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, இரண்டு பக்கத்தையும் காட்டினேன். அவர் மன்னிக்கவில்லை. பழங்கதைகளில் வருகிற மாதிரி 'இந்தப் பக்கமே நன்றாக இருக்கிறது' என்று சொல்லவும் இல்லை.

"சின்னதிலேர்ந்து எனக்கு மங்கல் நிறம்தான். யாரும் பார்க்கக் கூடாதுன்னு சாம்பல், பழுப்பு," என்றார். "பளபளன்னு ஒண்ணு வேணும்னு நாலு கடை ஏறி இறங்கினேன். நீங்களும் அதையே குடுக்கறீங்க."

மேஜையில் கிடந்த மிச்சத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றையாக விரித்து வெட்டியதில் ஓரங்களில் நீள நீளத் துண்டுகள் மிஞ்சியிருந்தன. அவற்றைப் பளபளப்பு மேலே தெரியும்படி திருப்பி, பொம்மையின் முதுகில், எலும்பு போகிற வழியாக வைத்தேன். மங்கிய துணியின் மேல் அந்த ஒரு கோடு மட்டும் ஜொலித்தது.

"பொத்தான் எல்லாத்தையும் நல்ல பக்கத்துத் துணியால மூடறேன். மாட்டற வளையக் காதும் அதுலயே. மத்ததெல்லாம் மங்கலா இருக்கும். இது மட்டும் தெரியும்," என்றேன். "வேண்டாம்னா சொல்லிருங்க. கடையில தேடி வேற துணி வாங்கி, சனிக்கிழமைக்குள்ள எவ்வளவு முடியுமோ பார்க்கறேன்."

ஸ்மிதா கிட்டே வந்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். மேலிருந்து கீழ் வரை, எலும்போடு வளைந்து, ஒரு தரம் ஓட்டினார். "எத்தனை பொத்தான்?"

"படத்துல இருபது. உங்க எலும்பு வளைஞ்சு போறதால தூரம் ஜாஸ்தி. இருபத்திரண்டு."

"போடுங்க," என்றார்.

சனிக்கிழமை காலை பதிவு அலுவலக வராந்தாவில் நானும் நின்றிருந்தேன். ஸ்மிதா அழைத்திருந்தார், ரோஷன் மேடத்தையும் அழைத்திருந்தார். ஸ்மிதா காரிலிருந்து இறங்கி முதுகைக் காட்டிக்கொண்டு படியேறியபோது வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய அக்கா ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். "எல்லாரும் உன் முதுகையே பார்க்கறாங்கடி!"

"பார்க்கட்டும். இருபத்திரண்டு பொத்தான் இருக்கு, எண்ணிப் பார்க்கட்டும்," என்று ஸ்மிதா சொன்னார். சால்வையை வாங்கி, மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அந்த மனுஷர் அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்ததும் ரோஷன் மேடம் ஸ்மிதாவின் பின்னால் போய் நின்றார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அனுமதி கேட்டு, மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்து விளிம்பைத் திருப்பி உள்ளே பார்த்தார். உள்ளே சாட்டின் பளபளத்தது. அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"தலைகீழாக வெட்டிவிட்டாய்."

"ஆமாங்க மேடம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"மொதல்ல அவங்களுக்குத்தான் சொன்னேன்."

கட்டைவிரல் தோள் தையலில் ஓடியது. எங்கும் நிற்கவில்லை. சாக் அவர் கையில் இல்லை, இருந்திருந்தாலும் கோடு விழுந்திருக்காது. பிறகு அவர் சொன்னார்: "திங்கட்கிழமை இதை வாங்கிக்கொண்டு கடைக்கு வா. லேபிள் தைத்துத் தருகிறேன்."

பதினாறு வருடத்தில் அவர் எனக்குச் செய்த மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் வாய் தயங்கவில்லை.

"வேண்டாங்க மேடம். பேட்டர்ன் உங்களோடது. முதுகு அவங்களோடது. தப்பு என்னோடது. இதுல உங்க லேபிளுக்கு என்ன வேலை?"

ரோஷன் மேடம் திருப்பிய கழுத்து விளிம்பைச் சரிசெய்து, கழற்றின பொத்தானைத் தன் கையாலேயே காதில் மாட்டினார். திங்கட்கிழமை நான் ரயிலேறவில்லை. அதற்குப் பிறகு தைத்ததையெல்லாம் என் பெயரிலேயே தைத்தேன்.